பேசும் பொம்மைக்கு அசையும் இமை: மூன்றாவது முயற்சியில் மூடித் திறந்தது

மேடையில் ஒருவர் கையில் பிடித்துக் குரல் கொடுக்கும் பேசும் பொம்மைக்கு, காகிதக்கூழில் செய்த தலை ஒன்று. வாய் திறந்து மூடும், கண் இடவலமாகப் போகும், இமை மட்டும் கிடையாது. இமை இல்லாத பொம்மை எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எதிரில் இருப்பவரை முறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒரு சிமிட்டல் விழுந்தால்தான் அது யோசித்துப் பேசுகிற மாதிரி இருக்கும். இரண்டு தடவை செய்து பிய்த்துப் போட்ட பிறகு மூன்றாவது அமைப்பு ஒழுங்காக ஓடுகிறது. அளவுகள் மறந்துபோகும் முன் எழுதிவைக்கிறேன். சரியாக வந்ததைவிடக் கெட்டுப்போனதுக்குத்தான் இதில் இடம் அதிகம்.

கோணங்களைச் சொல்லும்போது கணக்கு இப்படி: கண்ணின் நடுவிலிருந்து நேர் முன்னால் 0 டிகிரி, உச்சி 90, நேர் பின்னால் 180. நடுக்கோட்டுக்குக் கீழே போனால் மைனஸ்.

அடிப்படை அளவுகள்: முகத்தில் கண் திறப்பு 30 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம், பாதாம் பருப்பு வடிவம். திறப்பின் மேல் விளிம்பு 40 டிகிரியில், கீழ் விளிம்பு மைனஸ் 22-இல். இரண்டு கண்களின் மையங்களுக்கு நடுவே 60 மி.மீ. இமை வெட்டியது 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்திலிருந்து. கண்ணுருண்டை மரப்பந்து, அதன் விட்டம் 38-இல் தொடங்கி 37-இல் வந்து நின்ற கதை கீழே.

முதல் முயற்சி: காகித இமை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கண்ணுருண்டை மேல் பிளாஸ்டிக் உறை சுற்றி, அதன் மேல் மெல்லிய காகிதத்தை வெள்ளைப் பசையில் நான்கு அடுக்கு ஒட்டி, காய்ந்ததும் கழற்றி வெட்டினேன். தடிமன் 0.8 மி.மீ. வந்தது. உருண்டையின் வளைவை அப்படியே எடுத்திருந்தது, பார்க்கவும் அழகு. ஆனால் வண்ணம் பூசியதும் ஈரத்தில் வாய் விரிந்துவிட்டது. இமை மாதிரி ஒடுங்கிய, இரண்டு நுனியில் மட்டும் பிடிப்பு உள்ள துண்டுக்குக் காகிதம் சரிப்படாது. தலைக்குக் காகிதக்கூழ் பிரமாதம், இமைக்கு வேண்டாம்.

இரண்டாவது முயற்சி: பந்து

டேபிள் டென்னிஸ் பந்தின் சுவர் ஏறக்குறைய 0.4 மி.மீ. தடிமன் இருக்கும். ஒவ்வொரு பந்தையும் காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள், பந்துக்குப் பந்து வித்தியாசம் உண்டு. 2000-ஆம் ஆண்டு வரை போட்டிப் பந்தின் விட்டம் 38 மி.மீ., அதற்குப் பிறகு 40. பழைய பெட்டியில் கிடந்த பந்து என்றால் 38 ஆக இருக்கலாம். இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம்: பழைய பந்துகள் செல்லுலாய்டு. குப்பென்று பற்றிக்கொள்ளும். சுட்ட ஊசியால் துளை போடுவது, சூடான கத்தியால் வெட்டுவது எல்லாம் கூடவே கூடாது. 2014-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளில் செல்லுலாய்டு இல்லாத பிளாஸ்டிக் பந்து வந்துவிட்டது, ஆனால் கையில் இருப்பது எது என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். எல்லாப் பந்தையும் செல்லுலாய்டு என்றே நினைத்து வேலை செய்வது நல்லது.

இமையின் வடிவம் ஆரஞ்சுச் சுளையின் தோல் மாதிரி: இரண்டு நுனிகளும் கண்ணின் இடவல ஓரங்களில், நடுவில் அகலம். நுனி இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருந்தாக வேண்டும். பந்தை ஒரு பாட்டில் மூடி மேல் உட்காரவைத்து, மேசையிலிருந்து பந்தின் நடு உயரத்துக்குப் பென்சிலை ஒரு மரக்கட்டையில் கட்டி, பந்தைச் சுற்றினால் நடுக்கோடு விழும். அதன் மேல் எதிரெதிரே இரண்டு புள்ளிகள், சுற்றளவில் பாதி, அதாவது 62.8 மி.மீ. தள்ளி. அவைதான் நுனிகள். அந்த நுனிகள் வழியாக 85 டிகிரி இடைவெளியில் இரண்டு அரைவட்டக் கோடு. கோணமானி தேடவேண்டாம், நடுவில் அகலம் 30 மி.மீ. வந்தால் 85 டிகிரி.

நுனியைக் கூராக வெட்டக்கூடாது. அங்கே 5 மி.மீ. ஆரத்துக்கு வட்டமாகக் காது விட வேண்டும், அச்சுத் துளை அதில்தான். இதனால் ஒரு பந்துக்கு ஒரு இமைதான் தேறும். கணக்குப்படி நான்கு சுளை கிடைக்கும் என்று தோன்றும், காதை மறந்து வெட்டினால் ஒன்றுகூட உதவாது. வெட்டுவதற்கு நகம் வெட்டும் வளைந்த கத்தரி, ஓரம் சீராக்க 400 எண் உப்புத்தாள். துளைக்கு 1.6 மி.மீ. ட்ரில் முனையைக் கைப்பிடியில் மாட்டி விரலால் திருப்ப வேண்டும். மின்சார ட்ரில் கடைசிச் சுற்றில் பிளாஸ்டிக்கைக் கவ்விக் கிழித்துவிடும், அப்படி இரண்டு பந்து போயிற்று.

இனி இந்த முயற்சி ஏன் தோற்றது என்று பார்ப்போம். நான்கு காரணங்கள், நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தெரியவந்தன.

முதலாவது, சந்து போதவில்லை. பந்தின் உள்விட்டம் 39.2, கண் 38. இரண்டு பக்கமும் 0.6 மி.மீ. தாராளம் என்று நினைத்தேன். கண்ணுக்கு வெள்ளை இரண்டு பூச்சு, கருவிழி, மேலே பளபளப்பு வார்னிஷ் மூன்று பூச்சு என்று ஏறியதில் 0.2 போய்விட்டது. மிச்சம் 0.4. அச்சு அரை மில்லிமீட்டர் விலகினால் இமை கண்ணைத் தொடும். தொட்டது. கருவிழியின் நடுவே மெல்லிய கீறல்கள், கண்புரை விழுந்த மாதிரி.

இரண்டாவதுதான் இந்த வேலையிலேயே பெரிய பாடம். கண் இடவலமாகத் திரும்ப வேண்டும் என்பதால் அதை ஒரு செங்குத்துக் கம்பியில் மாட்டியிருந்தேன். கம்பி உருண்டையைத் துளைத்து மேலேயும் கீழேயும் வெளியே வந்து, இரண்டு பக்கமும் பிளைவுட்டில் உட்கார்ந்திருந்தது. இமை இல்லாத வரை அது உறுதியான அமைப்பு. இமை வந்ததும் உச்சிக் கம்பி குறுக்கே நிற்கிறது. திறந்த நிலையில் இமையின் முன் விளிம்பு 35 டிகிரியில், பின் விளிம்பு 120-இல். நடுவில் 90-இல் கம்பி! இமையில் பின்பக்கத்திலிருந்து ஒரு பிளவு வெட்டி, கம்பி அதற்குள் ஓடட்டும் என்று விட்டேன். திறந்திருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மூடியதும் இமையின் நடுவில் ஒரு பொத்தல்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புரிந்திருக்கும். கம்பி 90-இல், திறந்த இமையின் முன் விளிம்பு 35-இல். ஆகவே பிளவு முன் விளிம்பிலிருந்து 55 டிகிரி வரை முன்னேறி வந்தாக வேண்டும். மூடும்போது முன் விளிம்பு மைனஸ் 25-க்கு இறங்குகிறது, பிளவின் முனையும் அதோடு 30-க்கு இறங்குகிறது. முகத் திறப்பின் மேல் விளிம்பு 40-இல். பத்து டிகிரி, அதாவது மூன்றரை மி.மீ. பிளவு புருவத்துக்குக் கீழே வெளியே தெரியும். இமை திறக்கும் அளவைக் குறைத்தால் மறையுமா என்று பின்னால் கணக்குப் போட்டேன். 27 டிகிரியில் நிறுத்தினாலும் முக்கால் மி.மீ. தெரியத்தான் செய்கிறது. இமை வைக்கப்போகிற கண்ணுக்கு உச்சியில் கம்பி இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாவது, இழுக்கும் திசை. இமை அச்சிலிருந்து பின்பக்கம் நோக்கி ஒரு சிறு கரம் வைத்து, அதில் நூல் கட்டி, நேராகக் கீழே கழுத்துக்கோலுக்கு (தலையைத் தாங்கும், விரல் விசைகள் உள்ள கைப்பிடிக் கோல்) இறக்கியிருந்தேன். நூல் போகும் வழி நேராக இருக்கிறது, வளைவு இல்லை, மிக எளிது. ஆனால் பின்கரத்தைக் கீழே இழுத்தால் இமை திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை ஆகிவிட்டது. பொம்மை விழித்திருக்க வேண்டுமானால் விரல் விசையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் விரல் கடுக்கும், விரல் தளர்ந்தால் பொம்மை பேச்சின் நடுவே சொக்கும். நூல் அறுந்தால் நிகழ்ச்சி முழுக்கத் தூங்கும். ஸ்பிரிங் திறக்க வேண்டும், விரல் மூட வேண்டும். நூல் அறுந்தாலும் பொம்மை விழித்தபடி பேசிமுடிக்கும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் 5 கிராம் தூண்டில் ஈயம் கட்டி எடையால் இமையை இழுக்கவைக்கவும் பார்த்தேன். தலை நேராக இருக்கும்போது பட்டுப்போல் ஓடியது. பொம்மை சற்றுப் பின்னால் சாய்ந்ததும் எடையின் போக்கு மாறி இமை தன்பாட்டுக்கு நகர்ந்தது. பேசும் பொம்மையின் தலை ஒரு நொடி சும்மா இருக்காது, எடை வேலைக்காகாது.

நான்காவது, சூப்பர் க்ளூ. கடைசியில் காதோடு வாஷரை ஒட்ட ஒரு சொட்டு விட்டேன். அது நீர் மாதிரி அச்சுக்குள் ஊறிப் போய் இமையை அப்படியே பிடித்துவிட்டது. சூப்பர் க்ளூவைக் கரைக்க அசிட்டோன் போதும், ஆனால் அசிட்டோன் பந்தையும் கரைக்கும். பழைய பந்து, புதுப் பந்து இரண்டையும். ஆக அந்த இமை குப்பைக்கு. அச்சுக்குப் பக்கத்தில் ஒட்டும் வேலை என்றால் முன்னதாக அச்சில் வாஸ்லின் தடவுங்கள், க்ளூவை விட்டுவிட்டு மெதுவாக இறுகும் எபாக்ஸி எடுங்கள்.

மூன்றாவது முயற்சி: எல்லாம் ஒரே சட்டத்தில்

முதலில் முடிவு செய்தது, தலைக்குள் எதையும் நேராக ஒட்டக்கூடாது என்பது. கண், இமை, ஸ்பிரிங் எல்லாம் 3 மி.மீ. பிளைவுட் சட்டம் ஒன்றில் நிற்கும். சட்டம் இரண்டு ஸ்க்ரூவில் தலைக்குள் பூட்டும். பின்மண்டையில் 90-க்கு 70 மி.மீ. கதவு. பழுது வந்தால் இரண்டு ஸ்க்ரூ கழற்றி முழுக் கண்ணையும் மேசையில் வைத்துப் பார்க்கலாம். தலை முழுவதும் காய்ந்த பிறகே சட்டத்தின் அளவை எடுக்க வேண்டும். காகிதக்கூழ் காயக் காயச் சுருங்கும், ஈரத் தலையில் எடுத்த அளவு பொருந்தாது.

கண்ணுருண்டை. உச்சிக் கம்பிக்குப் பதில் அடியிலிருந்து மட்டும் தாங்கல். உருண்டையின் அடியில் 28 மி.மீ. ஆழத்துக்கு 4 மி.மீ. துளை, அதற்குள் உள்விட்டம் 3.1 உள்ள பித்தளைக் குழாய். சட்டத்தின் தட்டில் 3 மி.மீ. எஃகுக் கம்பி செங்குத்தாக நிற்கிறது. கண் தொப்பி மாதிரி அதன் தலையில் உட்கார்ந்து சுற்றுகிறது. குழாய் உருண்டையின் மையத்தைத் தாண்டி மேலே போவதால் ஆட்டம் இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் கண் கழன்று இமையில் இடிக்கவில்லை, பின்னால் இரண்டு கண்ணையும் இணைக்கும் கம்பி பிடித்துக்கொள்கிறது.

38-ஐ 37 ஆக்கியது தனி வேலை. உருண்டையை ட்ரில்லில் மாட்டிச் சுற்றி உப்புத்தாள் பிடித்தால் இடுப்பு தேயும், உச்சியும் அடியும் தேயாது, முட்டை வரும். இதற்குப் பழைய கடைசல் வழி ஒன்று உண்டு. 30 மி.மீ. வாயுள்ள ஒரு துண்டுக் குழாயின் விளிம்பில் 120 எண் உப்புத்தாளை மடித்து ஒட்டி, உருண்டையை அதில் அழுத்தி எல்லாத் திசையிலும் உருட்ட வேண்டும். வட்ட விளிம்பு உருண்டையை உருண்டையாகவே வைத்திருக்கும். சோதிக்க, ஒரு பிளைவுட் துண்டில் சரியாக 37 மி.மீ. துளை. உருண்டையை அதில் இறக்கிப் பார்ப்பது, சிக்கினால் சிக்கிய இடத்தில் பென்சில் தீட்டுவது, அந்தக் கறுப்பு போகும்வரை தேய்ப்பது, திருப்பி வேறு பக்கமாக இறக்குவது. ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசியில் எந்தப் பக்கமாகப் போட்டாலும் துளையின் ஓரத்தை லேசாக உரசிக்கொண்டு சரிந்து விழும், அதுதான் அடையாளம். 36 மி.மீ. பந்து ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். இமைக்குக் கீழே நிழல் கோடு விழுந்து கண் குழிந்த மாதிரி இருந்தது. 37-இல் வண்ணம் போக 0.9 மி.மீ. சந்து நிற்கிறது. உரசவும் இல்லை, நிழலும் இல்லை.

கருவிழி 20 மி.மீ., அதன் நடுவில் கண்பாப்பா 8.

இமை அச்சு. இரண்டு இமைக்கும் தனித்தனி அச்சு வைத்தபோது ஒன்று சற்றே ஏறி நின்று, பாதி வழியில் பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு இமையின் மூக்குப்பக்கக் காதுகளையும் ஒரே பித்தளைக் குழாய் இணைக்கிறது. வெளிவிட்டம் 2.5, உள்விட்டம் 1.6, நீளம் 19 மி.மீ. ஒரு இமை அசைந்தால் மற்றதும் கூடவே அசைய வேண்டியதுதான். குழாயின் இரண்டு முனையிலும் 10 மி.மீ. விட்டம், 0.5 மி.மீ. தடிமனுள்ள பித்தளை வில்லை. அதை ஒரு மரக்குழியில் வைத்துத் தட்டிப் பந்தின் வளைவுக்குக் கொண்டுவந்து, நடுவில் துளைத்துக் குழாயோடு சால்டர் செய்தது. குழாய் முனை வில்லையின் உள்பக்கத்தோடு மட்டமாக நிற்க வேண்டும். துருத்தினால் கண்ணைச் சுரண்டும். நெற்றிப்பொட்டுப் பக்கக் காதுகளுக்கும் இதே மாதிரி வில்லை, 6 மி.மீ. குட்டைக் குழாயோடு.

குழாயின் நடுவில் கீழ்நோக்கி ஒரு கரம், துளை மையத்திலிருந்து 10 மி.மீ. இதையும் இந்தக் கட்டத்திலேயே சால்டர் செய்துவிட வேண்டும். இமையை ஒட்டிய பிறகு சால்டரிங் முனையைப் பக்கத்தில் கொண்டுபோவது நெருப்போடு விளையாட்டு, நிஜமாகவே.

ஒட்டுவதற்கு நேர்கோட்டுத் தந்திரம்: கண்ணுருண்டைகள் இல்லாமல், 140 மி.மீ. நீளமுள்ள நேரான 1.5 மி.மீ. எஃகுக் கம்பி ஒன்றை இந்தப் பக்கம் சட்டத்தில் நிற்கும் நெற்றிப்பொட்டுத் தூணில் நுழைத்து, குட்டைக் குழாய், இமை, நடுக்குழாய், அடுத்த இமை, அந்தப் பக்கத் தூண் என்று எல்லாவற்றையும் கோத்துவிடுகிறோம். கம்பியில் வாஸ்லின். இமையின் காதையும் வில்லையையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மெதுவாக இறுகும் எபாக்ஸி தடவி, இரண்டு இமையின் முன் விளிம்பையும் ஒரு நேர்விளிம்பில் சாய்த்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவது. ஐந்து நிமிட எபாக்ஸியில் அவசரம்தான் மிஞ்சும், விளிம்புகளைச் சமன்செய்ய நேரம் இருக்காது. இறுகியதும் நீளக் கம்பியை உருவிவிட்டு, உருண்டைகளை உள்ளே வைத்து, இரண்டு ஓரத்திலும் 12 மி.மீ. துண்டுக் கம்பியை வெளியிலிருந்து செருகினால் போதும். நடுக்குழாய் மூக்குக்குப் பின்னால் இரண்டு சிறு தூண்களில் யூ வடிவ வெட்டில் உட்கார்கிறது, மேலே தகட்டுப் பட்டை ஒன்று மூடி.

கண்குழி. இமைக்கும் முகத்தின் உட்பக்கத்துக்கும் நடுவிலும் இடம் வேண்டும் என்பதை மறந்து, இமை மேலே போகும்போது புருவத்தின் உள்பக்கம் உரசியது. தலையின் உட்புறத்தை 43 மி.மீ. உருண்டை உட்காரும் அளவுக்குக் குடைந்தேன். திறப்பின் ஓரம் 2 மி.மீ. தடிமனுக்கு மெலிந்தது. ஓரம் தடிமனாக இருந்தால் கண் கிணற்றுக்குள் கிடக்கிற மாதிரி தெரியும். மெலிந்த இடத்தில் நீர்த்த வெள்ளைப் பசையை இரண்டு கை பூசி உறுதிப்படுத்தினேன்.

இழுநூலும் ஸ்பிரிங்கும்

கரம் கீழ்நோக்கி இருப்பதால், அதைப் பின்னால் இழுத்தால் இமை மூடும். திறந்த நிலையில் கரம் சற்று முன்னால் சாய்ந்தும், மூடிய நிலையில் அதே அளவு பின்னால் சாய்ந்தும் நிற்க வேண்டும். அப்போதுதான் நூல் இழுப்பதும் இமை நகர்வதும் சீராக இருக்கும். ஒரு பக்கமே சாய்ந்திருந்தால் இமை கடைசிப் பகுதியில் வெடுக்கென்று விழும்.

சாதாரணத் தூண்டில் நரம்பை முதலில் போட்டேன். இழுத்தால் கொஞ்சம் நீள்கிறது, சுருட்டி வைத்தால் சுருள் மறக்காது. பின்னல் நூலாக விற்கும் தூண்டில் நூல், 0.3 மி.மீ., நீள்வதே இல்லை. அது கரத்திலிருந்து நேர் பின்னால் போய், 2 மி.மீ. டெஃப்லான் குழாய்க்குள் நுழைந்து, 15 மி.மீ. ஆரத்தில் வளைந்து கழுத்துக்கோலுக்கு இறங்குகிறது. குழாயை இதைவிடக் குறுகலாக வளைத்தால் நூல் பிடிக்கும். குழாய் இல்லாமல் ஓரத்தில் நேராக மடக்கி விட்டால் நூல் ரம்பம் மாதிரி காகிதக்கூழை அறுத்துக்கொண்டே போகும்.

ஸ்பிரிங்கின் இழுவையைச் சமையலறைத் தராசில் அளக்கலாம்: தராசில் ஒரு எடையை வைத்து ஸ்பிரிங்கால் தூக்கினால் எத்தனை கிராம் குறைகிறது என்று தெரியும். முதலில் போட்டது 150 கிராம். இமை திறக்கும்போது டக்கென்று சத்தம், மைக் பக்கத்தில் இருந்தால் அரங்கத்துக்கே கேட்கும். இமையும் வில்லையும் சேர்த்து சில கிராம்தான், 35 கிராம் இழுவை எந்தச் சாய்விலும் போதுமாக இருந்தது. ரப்பர் பேண்ட் போடாதீர்கள். சில மாதத்தில் இற்றுவிடும், அதுவும் சொல்லாமல்.

சத்தத்துக்கு மிச்ச வைத்தியம், இரண்டு நிறுத்தங்களிலும் 1 மி.மீ. கம்பளித் துண்டு ஒட்டியது.

கழுத்துக்கோல் 25 மி.மீ. உருட்டுக்கட்டை. வாய் விசை கட்டைவிரலில், கண் விசை ஆட்காட்டி விரலில் என்பதால் இமைக்கு நடுவிரல். விசையின் நீளம் 2:1. விரல் 18 மி.மீ. நகர்ந்தால் நூல் 9 மி.மீ. நகரும். தூங்கும் காட்சிக்கு விசையைக் கீழே தள்ளிப் பக்கவாட்டில் ஒரு வெட்டில் மாட்டலாம். விசைகளை அடுக்கிக்கொண்டே போகிற ஆசை எல்லோருக்கும் வரும். கைக்கு ஐந்து விரல்தான், அதில் இரண்டு கோலைப் பிடிக்க வேண்டும்.

விளிம்பு

எல்லாம் ஓடிய பிறகும் இமை இமையாகத் தெரியவில்லை, வெட்டிய பிளாஸ்டிக்காகவே தெரிந்தது. காரணம் விளிம்பு. உண்மையான இமைக்குத் தடிமன் உண்டு. கண்ணின் ஈரத்தைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன உருளை மாதிரி நிற்கும். 0.4 மி.மீ. சுவர் காகித ஓரமாகத்தான் தெரியும். 1.2 மி.மீ. பருத்தி நூலை எபாக்ஸியில் நனைத்து, முன் விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும், ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை படியவைத்தேன். ஈர விரலால் நீவினால் எபாக்ஸி விரலில் ஒட்டாது. இறுகியதும் மேல்பக்கம் மட்டும் 400 தாளால் சரித்து இமையோடு கலக்கவிட்டேன், கீழ்ப்பக்க உருட்டு அப்படியே. உள்பக்கம் ஒரு துளி எபாக்ஸி வழிந்திருந்தாலும் கண்ணில் கோடு போடும். விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்து, கத்தி முனையால் சுரண்டி எடுத்தேன். இந்த ஒரு நூல்தான் பொம்மையின் முகத்தையே மாற்றியது. மூன்று அடி தூரத்தில் நூல் என்று தெரியாது, நிழல் மட்டும் விழும்.

வண்ணம்: பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு கை, பிறகு அக்ரிலிக் நீர்க்கப் பூசி நான்கு கை. லாக்கர், தின்னர் எதுவும் பந்தின் பக்கம் வரக்கூடாது. இமையின் நிறம் முகத்தைவிட ஒரு படி அடர்த்தியாக இருக்கட்டும். ஒரே நிறம் பூசினால் மூடும்போது கண்ணே இல்லாத முகம் மாதிரி ஒரு கணம் திடுக்கிடவைக்கும். உள்பக்கம் வண்ணம் வேண்டாம்.

கண்ணிமை மயிரை 8 மி.மீ. நீளத்தில் வைத்தேன், மூடும்போது கீழ் ஓரத்தில் மாட்டி வளைந்தது. 5 மி.மீ.க்குக் கத்தரித்ததும் சரியாயிற்று.

கடைசிச் சரிசெய்தல்தான் எதிர்பாராதது. திட்டப்படி இமை 35 டிகிரி வரை திறந்தது. பொம்மை எந்நேரமும் பேயைக் கண்ட மாதிரி இருந்தது. கருவிழியின் மேல் விளிம்பு நடுவிலிருந்து 10 மி.மீ. உயரத்தில், இமை விளிம்போ பதினொன்றரையில். நடுவில் வெள்ளை தெரிந்தால் அது பயந்த முகம். மேல் நிறுத்தத்தில் இன்னும் இரண்டு கம்பளித் துண்டு வைத்து 27 டிகிரிக்கு இறக்கினேன், உயரம் 9 மி.மீ. கருவிழியின் தலையை இமை ஒரு மி.மீ. மூடியது. உடனே முகம் சாந்தமாயிற்று. கீழே மூடும்போது இமை விளிம்பு திறப்பின் கீழ் ஓரத்தைவிட ஒரு மி.மீ. தாழ்ந்து உள்ளே போக வேண்டும், மைனஸ் 25. சரியாக ஓரத்தில் நின்றால் எதிர்விளக்கில் வெள்ளைக் கீற்று தெரியும்.

செலவும் நேரமும்

பந்துகள் எட்டு (இரண்டு ட்ரில்லில் கிழிந்தவை, ஒன்று காதை மறந்து வெட்டியது, ஒன்று சூப்பர் க்ளூவுக்குப் பலி, இரண்டு கீறலும் பிளவுமாகக் கழித்தவை, இரண்டு இப்போது தலையில்), மரப்பந்து இரண்டு ஜோடி, பித்தளைக் குழாய் இரண்டு அளவில் கொஞ்சம் கொஞ்சம், எபாக்ஸி ஒரு சிறு ஜோடிக் குழல், டெஃப்லான் குழாய் அரை மீட்டர். பணம் போனது பித்தளையில்தான். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு குழாய் மிச்சம் கிடக்கிறது, துண்டாக விற்கமாட்டார்கள். நேரம் மூன்றாவது அமைப்புக்கு மட்டும் இருபது மணி நேரத்துக்குப் பக்கம், அதில் எட்டு மணி உப்புத்தாளும் அளவெடுப்பும்.

அடுத்த தலையில் மாற்றப்போவது: மேல் நிறுத்தத்தைக் கம்பளி அடுக்குக்குப் பதில் 2 மி.மீ. ஸ்க்ரூவாக வைத்து, பின்கதவு வழியாகத் திருப்பும்படி செய்ய வேண்டும். இப்போது அரை மி.மீ. மாற்றக்கூடச் சட்டத்தைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒற்றைக் கண் சிமிட்ட வேண்டுமானால் நடுக்குழாயை நடுவில் அறுத்து, உள்ளே 1.5 கம்பியால் நேர்பிடித்து, இரண்டு கரம், இரண்டு நூல், இரண்டு ஸ்பிரிங் போடலாம். ஆனால் சாதாரணச் சிமிட்டலில் இரண்டும் ஒரே நொடியில் மூட விசையில் ஒரு குறுக்குக்கட்டை சேர்க்க வேண்டிவரும். ஒற்றைக் கண்ணடிப்பு ஒரு நிகழ்ச்சியில் இரண்டு தடவை வந்தால் அதிகம், அதற்காக இவ்வளவு கூடுதல் பாகங்கள் தேவையா என்பது பொம்மையின் குணத்தைப் பொறுத்தது.

ஒட்டி முடித்து, டிவி பார்த்துக்கொண்டே விசையை அழுத்தி இரண்டாயிரம் முறை மூடித் திறந்து பார்த்ததில் ஒரே இடம்தான் தேய்ந்தது: டெஃப்லான் குழாயின் வாயில் நூல் நுழையும் இடத்தில் பிசிறு எழும்பியிருந்தது. குழாயைக் கத்தரியால் வெட்டியதில் வாய் நசுங்கிக் கூர்மையாகிவிட்டிருந்தது. புது பிளேடால் நேராக வெட்டி, ஊசியைச் சுழற்றி வாயை விரித்து, நூலை 40 மி.மீ. நகர்த்தி முடிச்சிட்டேன். அடுத்த ஆயிரத்தில் பிசிறு இல்லை.